பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடை

மதிப்புக்குரிய மச்சான் புவனேந்திரன் அவர்களுக்கு,

ஹாலிஎல கடையிலிருந்து இராசையா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி சிவசக்தியும் முழங்கால் நோவு நீங்கலாக நலம். அங்கே நீங்களும் என் தங்கை நல்லம்மாவும் என் மருமகள் விதுஷாவும் எந்த நோவும் இல்லாமல் இருக்க, நமுனுகுல மலையில் கோயில் கொண்டிருக்கிற எல்லா சாமிகளையும் கும்பிட்டுக்கொள்கிறேன். இதை வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் என்னை பிளாக் பண்ணி மூன்று வருசம் ஆகிறபடியால் கொப்பியில் எழுதவேண்டியதாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கையெழுத்துப் போட்டுப் பழகியவனே ஒழிய, கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை.

விசயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விதுஷாவுக்குக் கல்யாணம். அவளுக்கு இருக்கிற ஒரே சொந்தத் தாய்மாமன் நான். மாமன் மாலை போட்டுக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டிய ஆள் நான். அதற்கு நான் வரலாமா என்று மூன்று மாதத்துக்கு முன்பு நம்ம த்ரீவீல் ஓட்டுகிற றில்வானிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் திருப்பிச் சொல்லியனுப்பியதையும் அவன் ஒரு எழுத்துக் குறையாமல் வந்து சொன்னான்: "மைக்கில சொன்னத மைக்கிலயே திருப்பி எடுத்துக்கட்டும். அப்புறம் மாமன்காரன் தாராளமா வந்து நிக்கலாம்." நியாயம்தான். தோட்டத்துக் கீழ் பிரிவும் மேல் பிரிவும் கேட்கச் சொன்னதை உங்கள் வீட்டு அடுப்படியில் வந்து காதோடு சொல்லித் திருப்பிவிட முடியாது. வியாபாரத்திலும் அப்படித்தான், கடை வாசலில் நின்று கெட்ட சாமான் என்று கத்தினவன் மன்னிப்பையும் கடை வாசலில் நின்றுதான் கேட்கவேண்டும். ஆகவே சித்திரைத் திருவிழாவில் மேல் பிரிவு அம்மன் கோயிலில் நின்று, உங்கள் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் மன்னிப்புக் கேட்பது என்று முடிவுசெய்தேன். இதில் ஒரு சிக்கல், நம்ம பக்கத்தில் நல்ல மைக் செட் வைத்திருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் மன்னிப்புக் கேட்க உங்களிடமே மைக் செட் கேட்பது சரியில்லை என்று பட்டது.

அதனால் பதுளைக்குப் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கினேன். கோயிலுக்கு அன்பளிப்பு என்று பெயர். அம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். கரண்டையும் மைக்கையும் செருகினால் வேலை முடிந்தது, சின்னப் பிள்ளையும் செய்யும் என்றார் விற்றவர். வயரும் பல்பும் இருபது வருசமாக விற்கிற எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக் கூடவந்த புத்தகத்தைப் பிரிக்காமல் கடை வாசலிலேயே பூட்டிப் பார்த்தேன். என் குரல் கொசு மாதிரி வந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த சத்தம் கூட்டுகிற திருகாணியை எல்லாம் கடைசி வரை திருகினேன், கொசு கொஞ்சம் கொழுத்தது. பிறகுதான் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்சைப் பார்த்தேன். மைக்குக்கு ஒரு பக்கம், பாட்டு வருகிற மெஷினுக்கு மறு பக்கம். அது பாட்டுப் பக்கம் இருந்தது. திருகாணிகளைக் குறைக்காமல் அதை அப்படியே மைக் பக்கம் தட்டிவிட்டு "ஹலோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். கடை அடுக்குத் தட்டில் இருந்த பெயின்ட் டின் இரண்டு கீழே விழுந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஜனம் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் பார்த்தது, ரயில் வந்துவிட்டது என்று. றில்வான் மட்டும் எதிர்ப்பக்கத்தில் இருந்து, "முதலாளி, மன்னிப்பு மாதிரி இல்ல, மிரட்டுற மாதிரி இருக்கு" என்றான். உடனே பயந்து வயரைப் பிடுங்கினேன். கரண்ட் இருக்கும்போதே மைக் வயரைப் பிடுங்கினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

திருவிழா அன்று மத்தியானம் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பெட்டியின் முன்பக்கத்தில் 'உபயம் ஆர். இராசையா, ஹாலிஎல' என்று வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தேன். எழுதியதை நாலு பேர் பார்க்கவேண்டாமா? அதனால் அம்மனுக்குப் பக்கத்தில், ஐயர் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால், மேசை மேல் ஏற்றி வைத்தேன். ஐயர் மைக்கைப் பிடித்து மந்திரத்தை ஆரம்பித்ததுதான் தாமதம், பெட்டி ஊளையிட்டது. மனிதக் காது தாங்கமாட்டாத ஊளை. ஐயர் மைக்கைக் கையில் வைத்தபடி சிலையாக நின்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவுக்கு அதே நேரம் அருள் வந்துவிட்டது. எல்லோரும் கற்பூரத்தோடு ஓடிப்போய், ஆத்தா என்ன குறை, சொல்லு ஆத்தா என்று கேட்டோம். ஆத்தா கையை நீட்டிப் பெட்டியைக் காட்டி, "என் பக்கத்துல நின்னு ஊளையிடுறது யாருடா, முன்னால தள்ளி வைங்கடா" என்றாள். தள்ளி வைத்தோம். மைக்குக்கு முன்னால் நாலு எட்டுத் தள்ளி, முகம் ஜனத்தைப் பார்க்கிற மாதிரி. ஊளை நின்றுவிட்டது. மறுநாள் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஆத்தா சொன்னதுதான் அதில் முதலாம் பக்கத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தது.

ஜனத்துக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் உங்கள் கீழ் பிரிவுக்கு இலையசைகிற சத்தம்கூட வரவில்லை என்று போனில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்தப் பெட்டி பார்க்கிற பக்கம்தான் பேசும்போல. அதனால் அதை ஓடைப் பக்கமாகத் திருப்பி, திருகாணிகளை மறுபடி கடைசி வரை ஏற்றினேன். பேசும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் பலமாகப் போகிறது என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். அது வலிக்கிறது என்று பெட்டி அழுகிற விளக்கு என்று அப்போது தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் எனக்குப் போர்த்தப் பொன்னாடையோடு வந்தார். எனக்கு எதற்கு, நான் என்ன செய்துவிட்டேன், பேசுகிறது பெட்டிதானே, அதற்கே போர்த்துங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஜனம் கைதட்டியது. முன்பக்கம் போர்த்தினால் என் பெயர் மறையும் என்பதால் தலைவர் பின்பக்கமாகப் போர்த்தி, மேலே ஒரு மாலையும் போட்டார். பின்பக்கத்தில்தான் அது சூடு விடுகிற இரும்புப் பல்வரிசை இருக்கிறது. மச்சான், நல்ல வெயில், அதோடு இரண்டு சுற்றுப் பட்டு.

நான் மைக்கைப் பிடித்தேன். மூன்று கிழமை மனப்பாடம் பண்ணினது. "கீழ் பிரிவு மக்களும் கேட்டுக்கோங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல, இதே மாதிரி மைக்கப் புடிச்சிக்கிட்டு, என் மச்சான் புவனேந்திரனுக்கு மைக் கட்டத் தெரியாதுன்னு சொன்னேன்." மூச்சை எடுத்தேன். பெட்டி அணைந்துவிட்டது. மீதியை நான் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன், "அது என் தப்பு, என்னை மன்னிக்கணும்" என்று. ஐயருக்கும் அருள் வந்து இறங்கியிருந்த அம்மாவுக்கும் மட்டும்தான் கேட்டது. ஓடையைத் தாண்டிப் போனது முதல் பாதி. மன்னிப்புக் கேட்கப் போனவன் பழைய அவமானத்தை இன்னும் பலமாக, சுத்தமாக, உங்கள் வாசல்வரை அனுப்பிவைத்தேன். நல்லம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வருசம் கழிச்சும் அண்ணன் அதையேதான் சொல்லுது" என்றாளாம். நீங்கள் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பொட்டி நல்ல பொட்டிதான். கிளியரா இருக்கு" என்றீர்களாம். றில்வான் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சோறும் இறங்கவில்லை.

இதுவரை குற்றத்தைப் பொன்னாடையின் மேல் போட்டுவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். பொன்னாடையை எடுத்துப் பத்து நிமிசத்தில் பெட்டி ஆறித் தானாக உயிர் பெற்றது. பச்சை விளக்கு எரிந்தது. மைக் என் கையில்தான் இருந்தது. ஜனம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, சில பேர் இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டு. மறுபடி சொல்ல ஒரு நிமிசம் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அன்னதானம் ரெடி, எல்லாரும் வரிசையா வாங்க." அவ்வளவுதான். முதல் தடவை பெட்டி நின்றது. இரண்டாம் தடவை நின்றது நான். பெட்டிக்குச் சூடு ஏறினால் நிற்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு எது ஏறினால் நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஹாலிஎல ஸ்டேஷனில் கடலை விற்றவனை இன்றைக்கு நாலு பேர் முதலாளி என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் முன்னால் இரண்டு தடவை தலை குனிய முடியவில்லை. ஒரு தடவை குனிந்தாயிற்றே, கேட்காதது என் குற்றமா என்று மனசு சமாதானம் தேடிக்கொண்டது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்வதுதான் கஷ்டம். சரிபார்த்துத் தருகிறேன் என்று கோயிலில் சொல்லிப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து ஆற அமரப் புத்தகத்தோடு உட்கார்ந்து பழகினேன். ஒருநாள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நடந்துபோனேன். அதே ஊளை. அப்போதுதான் மூன்று வருசத்துக்கு முந்திய திருவிழா கண் முன்னால் வந்தது. நான் உபயகாரர் பெயர் வாசித்துக்கொண்டு, நடிகன் மாதிரி மைக்கோடு மேடையை விட்டு இறங்கி உங்கள் ஸ்பீக்கர் முன்னால் நடந்தேன். நீங்கள் தூரத்தில் இருந்து பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினீர்கள். ஊளையிட்டது. நான் உங்கள் மைக்கிலேயே உங்களுக்கு மைக் கட்டத் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் வயரைச் சுருட்டிக்கொண்டு போனீர்கள். நீங்கள் கட்டியதில் ஒரு பிழையும் இல்லை, மச்சான். எவர் கட்டினாலும் அது ஊளையிட்டுத்தான் இருக்கும். இது எனக்குத் தெரிய மூன்று வருசமும் ஒரு பெட்டியும் தேவைப்பட்டது.

தெரிந்த பிறகு மறுபடி மைக் ஏற எனக்குத் துணிவில்லை. உங்கள் வாசலுக்கு வர முகமும் இல்லை. ஆகவே மாமன் மாலையையும் சீர்ச் சேலையையும் றில்வானிடம் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். மாமன் இடத்தில் எங்கள் சித்தப்பா மகன் ரமேஸ் நிற்கட்டும், அவனும் எனக்குத் தம்பி முறைதான். நான் வரமாட்டேன். என்னை எதிர்பார்க்கவேண்டாம், நல்லம்மாவிடம் அழவேண்டாம் என்று சொல்லுங்கள். விதுஷா பதினாறு செல்வமும் பெற்று, நம்மைப் போலப் பேசாமல் வருசம் கழிக்காமல், சண்டை வந்தால் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு நல்லபடியாக வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு, உங்கள் மேல் கோபமே இல்லாத, தன் மேல் நிறைய இருக்கிற,
இராசையா

பி.கு.: கடிதத்தை வாங்க றில்வான் மறுத்துவிட்டான். "இத நான் கொண்டுபோனா உங்க மச்சான் என்னையும் பிளாக் பண்ணிருவாரு. நீங்களே ஏறுங்க முதலாளி" என்று மாலையையும் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது உங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீலிக் கட்டின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். ரெங்கம்மா அக்கா குடத்தை வைத்துவிட்டு, "என்னா கடைக்காரரே, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று சொன்னேன்: "மைக்கத் தூக்கிக்கிட்டுப் பொட்டி முன்னால போனது நான்தாங்க. அது கத்துனது என்னாலதான். புவனேந்திரன் கட்டுனதுல ஒரு குத்தமும் இல்ல." ரெங்கம்மா அக்கா அதை மேல் லயத்துப் பக்கம் திரும்பி அப்படியே சொன்னார், அங்கிருந்து ஒருவர் அதற்கும் மேலே சொன்னார். இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ என் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறது கேட்கிறது. நல்லம்மா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். "அவரு பந்தல்ல பொட்டி ஏத்துறாரு, ஸ்டாண்டப் புடிக்க ஆளில்ல, அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். ரமேசுக்கும் ஒன்றும் சொல்லவேண்டாம். ஸ்டாண்டை நான் பிடித்துக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று மேலே இருந்து சொன்னால் போதும், திருப்புகிறேன்.