வெள்ளைக் கோட்டுத் தாய்மாமன்

மண்டப வாசலில் நின்ற ஃப்ளெக்ஸை, அதை வடிவமைத்த மலைச்சாமி கிட்டப் போய் இன்னொரு தரம் பார்த்தான். காதணி விழாவுக்கு எல்லோரையும் வரவேற்கும் தாய்மாமனுக்கு வெள்ளைக்காரன் முகம் இருந்தது.

தாய்மாமன் காசிமாயன் இத்தாலி மாஃபியா படம் ஒன்றைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தவர். "அந்தத் தலைவன் மாதிரி வெள்ளக் கோட்டும் கையில தடியுமா என்னையப் போட்டுரு மாப்ள" என்று கேட்டிருந்தார். மலைச்சாமியும் தலையை மாற்றி, பெயரையும் போட்டு, ஆனையூர்க் கடையில் அச்சடிக்கும் தன் மனைவி கனகாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போனான். வந்து நிற்பதோ தலையும் மாறாமல், பெயரும் இல்லாமல், 'தாய்மாமன்' என்ற எழுத்து மட்டும் பெரிதாக உள்ள படம். கனகாவுக்குப் போன் போட்டால், வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

காசிமாயன் உசிலம்பட்டியிலிருந்து மேளத்தோடு சீர் கொண்டு கிளம்பிவிட்டார். மரியாதை குறைந்தால் வாசலோடு திரும்பிப் போகிற ஆள். அவர் போய்விட்டால் அவர் தங்கை ஒச்சம்மாளின் மகளை யார் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது?

மலைச்சாமி ஏணி போட்டு ஏறி, கறுப்பு ஸ்டிக்கரில் கூலிங்கிளாஸ் வெட்டி ஒட்டினான். தாய்மாமனுக்கு மீசை இல்லாவிட்டால் எப்படி என்று அதையும் ஒட்டினான். இறங்கிப் பார்த்தால் சாட்சாத் முத்திருளன்.

முத்திருளன் காசிமாயனின் தம்பி. கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பல வருடமாகப் பேச்சில்லை. விழாவுக்கு வரமாட்டேன் என்று தங்கையிடமும் சொல்லிவிட்டார்.

மலைச்சாமி மீசையைப் பிய்க்கப் போனான், உதடும் சேர்ந்து வந்தது. அவசரமாகத் திரும்ப ஒட்டினான். அதற்குள் யாரோ அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். "என்னையவா போட்டுருக்காக? இந்தா வாரேன்" என்று முத்திருளனும் கிடாயோடு கிளம்பிவிட்டாராம்.

இரண்டு மேளமும் ஒன்றாக வாசலுக்கு வந்தபோது மலைச்சாமி ஜெனரேட்டருக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

காசிமாயன் அண்ணாந்து பார்த்தார். "நம்ம மொகம் எம்புட்டு அம்சமா வந்துருக்கு பாத்தியா?" என்று மச்சினனிடம் கேட்டார். அந்தப் பக்கம் முத்திருளனும் தன் ஆட்களிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைத் தானே பார்த்த பூரிப்பில் இருவரும் முறைத்துக்கொள்ளக்கூட மறந்து உள்ளே போனார்கள். பிள்ளையை அண்ணன் மடியில் வைத்து ஒரு காதும், தம்பி மடியில் வைத்து மறு காதும் குத்தினார்கள்.

ஒச்சம்மாள் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்க மலைச்சாமி வாயெடுத்தான்.

"மொகத்தையும் பேரையும் மாத்தாம அடின்னு கனகாகிட்ட நாந்தான் சொன்னேன் தம்பி," என்றாள் அவள். "எந்த அண்ணன் மூஞ்சியப் போட்டாலும் இன்னொரு அண்ணன் வரமாட்டாருல்ல?"