கூந்தல் வழியே ஏறிய பேய்

சாமி வந்துவிட்டாராம்! மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் நிற்க இடமில்லை. மாடிப்படி வரை கூட்டம். ஊரிலிருந்து நம் கூடவே கிளம்பி வந்த பேய்களை விரட்டுவதில் சாமி கெட்டிக்காரர். விசாவுக்காக நாமெல்லாம் நடையாய் நடந்தோம். பேய்க்கு எந்த அதிகாரி முத்திரை குத்தினார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் ஒரு பெண். காப்பீட்டுக் கம்பெனியில் தொலைபேசிப் பிரிவில் வேலை. விபத்தில் சிக்கி அழுகிறவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு, கழிப்பறைக்குள் போய்த் தான் அழுவாள். தூக்கம் போயிற்று. பசி போயிற்று. ஒருநாள் காலையில் செருப்புக்குள் கால் நுழைக்கத் தெம்பில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் நாடு விட்டு நாடு வந்து பட்ட பாட்டுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

"ஐயையோ! அங்க மொழிபெயர்க்க நம்ம ஆளுங்கதான் இருப்பாங்க. விஷயம் வெளிய போயிடும்டி!"

"எனக்கு எதுக்கும்மா மொழிபெயர்ப்பு? இங்கேயே படிச்சவ நான்."

"உனக்கு வேண்டாம். கூட வர்ற எனக்கு வேணும்ல? முதல்ல சாமி பார்க்கட்டும். பேய் இல்லன்னு சொல்லிட்டா டாக்டர்கிட்ட போ."

சாமி இதுவரை யாருக்கும் பேய் இல்லை என்று சொன்னதில்லை.

ஆக, விஷயம் வெளியே போகக் கூடாதென்று பயந்த அம்மா, மகளின் அழுகை முதல் செருப்பு வரை அத்தனையையும் சாமியின் சீடனிடம் ஒப்பித்தாள். சீடன் சாமி காதில் ஓதினான். சாமி அதை மைக்கில் சொல்வார். கட்டுக்கோப்பான ஏற்பாடு.

காரோட்டி வந்த தாய்மாமன் ரொட்டித் தொழிற்சாலைக்காரர். வரிசையில் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வைக்குள் நிற்பதைப் பார்த்தார்.

"இது எதுக்குக்கா?"

"பேயோட கண்ணு சாமி மேல படக் கூடாதாம், தம்பி."

"அப்போ உள்ள இருக்கிறது யாருன்னு எப்படித் தெரியும்?"

"அவருக்குத் தெரியாததா!"

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா உங்க டாக்டர்கிட்டயே வர்றேன், போடா!"

அம்மா முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடினாள். மாமா மருமகளிடம் திரும்பினார்.

"போர்வையை இப்படிக் குடு."

"மாமா, மானம் போயிடும்."

"யாரோட மானம்?"

கொஞ்சம் யோசித்தாள். கொடுத்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

மேடையில் போர்வை குந்தியது. சாமி கண்ணை மூடி, மைக்கைப் பிடித்தார்.

"தெரியுது... தொலைபேசி வேலை. வாசல்ல உட்கார்ந்து அழுதிருக்கா. சாயங்காலம் தலைமுடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல நின்னிருக்கா. அந்த நீளக் கூந்தல் வழியா ஏறிட்டான் பாவி!"

அம்மா விம்மினாள். போர்வை குலுங்கியது. பேய் ஆடுகிறது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போர்வையை அவரே விலக்கினார். மேடை விளக்கில் வழுக்கை பளபளத்தது. கீழே அடர்ந்த மீசை.

"எந்தக் கூந்தல் சாமி?"

சாமிக்கு வேர்த்தது. "பேய்... ஆள் மாறிடுச்சு."

"மாறட்டும். போர்வையில இன்னும் பத்துப் பேர் நிக்கிறாங்க. சீடனை வெளிய அனுப்பிட்டு, எது ஆம்பளை, எது பொம்பளைன்னு மட்டும் சொல்லுங்க. பேயைப் பத்திப் பிறகு பேசிக்கலாம்."

சாமிக்குத் திடீரென்று மௌன விரதம் வந்துவிட்டது. பின்வாசல் வழியாக விரதத்தோடு போய்விட்டார்.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. மருத்துவமனைக்கு வந்தாள், முகம் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு. எதிர் நாற்காலியில் ஓர் அம்மாள் வாரப்பத்திரிகையால் முகத்தை மறைத்திருந்தாள், தலைகீழாகப் பிடித்தபடி. முக்காடு சரிந்தது, பத்திரிகை தாழ்ந்தது.

"மண்டபத்துல பார்த்தோமே... நீங்களா?"

"நீங்களுமா?"

உள்ளே மருத்துவர் அறைக் கதவைச் சாத்தினார். மகள் பேசத் தொடங்கினாள். மைக் இல்லை, சீடன் இல்லை, போர்வையும் இல்லை.

பேய்க்கு மைக் வைத்தோம். நோய்க்கு முக்காடு போட்டோம். வழுக்கைத் தலையில் கூந்தலைக் கண்டவனைக் கும்பிட்ட கைகளே, அவன் தலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். முதலில் உங்கள் தலையை.