இரண்டு ஜி.பி. காலி இடம்

வீட்டுக் கணினியில் இடம் தீர்ந்துவிட்ட செய்தி, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணியளவில், சிவப்புக் கோடு ஒன்றின் மூலமாகக் குடும்பத்தாருக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது.

கணினிக்குப் பதினோரு வயது. முன்னறையில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டு வந்தால் கண் திறந்திருக்கும். யாரும் அதைக் குறை சொன்னதில்லை. அன்றைக்குத்தான் தையல்காரம்மாவுக்கு அதனிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஊரில் புதிதாகக் கட்டிய சந்தையில் பன்னிரண்டு கடைகள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒன்று கிடைத்தால் போதும், இருபது வருடமாக முன்னறையில் முடங்கிக் கிடக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். தன் பெயரில் ஒரு பலகை மாட்டலாம். துணி விரித்து வெட்ட முழு மேசை போடலாம். யாராவது அளவு கொடுக்க வரும்போதெல்லாம் கணவர் ஈரத் துண்டோடு உள்ளே ஓட வேண்டியதில்லை. விண்ணப்பம் சந்தை அலுவலகத்தின் செயலி வழியாக மட்டும். அதுவும் கணினியில் மட்டும். நேரில் வருகிறவர்கள் வந்ததாகவே கருதப்பட மாட்டார்கள். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஐந்து வருடம். செயலிக்கு இரண்டு ஜி.பி. காலி இடம் வேண்டும். இருந்தது நானூற்றுப் பத்து எம்.பி. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு.

"ஏதாவது அழிச்சாதான் ஆகும்" என்றாள் அவள்.

கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அரசாங்கப் பதிவேட்டு அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'நகல்' என்று பெயர். அவர் காலத்தில் ஒரு தாள்கூடத் தொலைந்ததில்லை. கேட்டபோது எந்தத் தாளும் கிடைத்ததில்லை என்பதும் உண்மைதான், ஆனால் தேடிக் கொடுப்பது வேறு பிரிவின் பொறுப்பு.

"அழிக்கறதா? எதை, எந்த அடிப்படையில?"

கணினிக்குள் மூன்று பேருடைய சொத்து இருந்தது. முதலாவது மகளுடையது. அவள் வேறு ஊரில் இருந்தாள். பொருள்களைத் துறந்து வாழும் புது நாகரிகத்தில் தீவிரமாக இறங்கியவள். வீட்டில் ஒரே நாற்காலி. விருந்தாளி வந்தால் முறை வைத்து உட்கார வேண்டும். 'வேண்டாததை விட்டொழிப்பது எப்படி' என்று அவள் எடுத்த வீடியோக்கள் எண்பத்து நான்கு பகுதிகள், அம்மா வீட்டுக் கணினியில் பத்திரமாக இருந்தன.

அம்மா போன் போட்டாள். "அதுல ரெண்டு மூணு எடுத்துடட்டுமாடி?"

"ஐயோ, தொடாதீங்கம்மா! அதெல்லாம் வேணும்."

"உன் வீட்லயே வெச்சுக்கயேன்."

"என் வீட்ல எதையும் சேர்க்கறதில்லம்மா. கொள்கை. நீங்க உங்க கழுத்தையெல்லாம் அழிங்க."

கழுத்து என்பது இரண்டாவது சொத்து. தையல்காரம்மா சேர்த்து வைத்திருந்த ரவிக்கைக் கழுத்து மாதிரிகளின் படங்கள், இரண்டாயிரத்து முந்நூறு. "கழுத்துன்னா ஒண்ணு போல இன்னொண்ணு இருக்காது" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். இருபது வருடத்தில் அவள் தைத்தது மொத்தம் நான்கு வகைக் கழுத்து. அது இங்கே தேவையில்லாத விவரம்.

மிச்சம் இருந்தது கணவருடைய சொத்து. தண்ணீர் வரி ரசீது, பல்வலிக்காகப் போட்ட விடுப்புக் கடிதம், அதற்கு வந்த பதில், பதில் வந்ததற்குப் போட்ட நன்றிக் கடிதம் எல்லாம் வண்ணத்தில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன.

கணவர் வியக்கத்தக்க பெருந்தன்மையோடு முன்வந்தார். "என்னுதுலேர்ந்தே ஆரம்பிப்போம். ஆனா முறைப்படி. முறையில்லாம அழிச்சா, அழிச்சதுக்கே ஆதாரம் இருக்காது."

முறை இதுதான். எதை அழிப்பது என்று ஒரு குறிப்பு. அழிப்பதில் ஆட்சேபம் இல்லை என்று மனைவியின் கையொப்பம். அழிப்பதற்கு முன் அந்தக் கோப்பின் படம். அழித்த பின் அது இருந்த இடத்தின் படம். இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து 'அழித்தவை' என்ற கோப்புறையில் சேமிக்க வேண்டும்.

பல்வலி விடுப்புக் கடிதம் திங்கட்கிழமை மாலை மரியாதையுடன் அழிக்கப்பட்டது. அதன் அளவு ஒரு எம்.பி. அதை அழித்ததற்கான ஆவணங்கள் முப்பத்தேழு எம்.பி.

அவள் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "என்னங்க, இடம் குறைஞ்சிருக்கே?"

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழைய சுமையை இறக்கும்போது கொஞ்சம் அசைவு வரும்."

வியாழக்கிழமை மாலைக்குள் பதினோரு கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன. காலி இடம் ஒன்பது எம்.பி. 'பணி முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது' என்று கணவர் அறிக்கை ஒன்று தயாரித்துச் சேமித்தார். எட்டானது.

அன்றைக்குத் தையல்காரம்மா ஒரு சட்டைக்கு இடது கை வைக்க வேண்டிய இடத்தில் வலது கையை வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் அதே கையை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, பன்னிரண்டாவது கோப்புக்குச் சாட்சிக் கையொப்பம் வாங்கக் கணவர் எதிர்வீட்டுக்குப் போனார். குடும்பத்துக்குள்ளேயே கையொப்பம் போட்டுக்கொள்வது நடுநிலை ஆகாது என்று அவருக்கு அன்று காலையில்தான் தோன்றியிருந்தது.

அவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கணவருடைய உறையைத் திறந்தாள். உள்ளே 'நகல்' என்று ஓர் உறை. அதற்குள்ளே 'நகல் நகல்'. அதற்கும் உள்ளே 'நகல் நகல் நகல்'. மூன்றிலும் அதே ரசீது, அதே பல்வலி. முறைப்படி அழித்த பதினோரு கோப்புகளும் அங்கே சௌக்கியமாக இருந்தன. உள்ளே இருந்த இரண்டையும் அழித்தாள். சிவப்புக் கோடு அசையவில்லை.

மகளுக்குப் போன் போட்டாள். "அழிச்சிட்டேன்டி, இடம் வரலையே!"

"குப்பைத் தொட்டியில இருக்கும்மா. தொட்டியைக் காலி பண்ணுங்க."

"தொட்டி வெளியில தானே இருக்கும்?"

"இல்லம்மா, தொட்டியும் உள்ளேதான்."

காலி செய்யச் சொன்னதும் கணினி கேட்டது: நிச்சயமாகவா?

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவளை அந்தக் கேள்வி கேட்டதில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

மூன்று ஜி.பி. இடம் வந்தது. நான்கு நாற்பதுக்குச் செயலி இறங்கியது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போனது. நான்கு ஐம்பத்தெட்டுக்கு ரசீது வந்தது.

கையொப்பத்தோடு திரும்பி வந்த கணவர் திரையைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை?"

"ரெண்டாயிரத்து நூறு."

"நம்பர்கூடப் போடாமயா?"

அவர் குரலைக் கேட்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று ரசீதை ஐந்து இடத்தில் சேமித்தாள். திரையைக் கைபேசியில் பல கோணங்களில் படம் பிடித்து, தங்கையோடு ரசீதைப் பற்றி இரண்டு மணி நேரம் வீடியோவில் பேசியதைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்தாள். சிவப்புக் கோடு பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சந்தோஷமாக இருக்கும்போது யார் கோட்டைப் பார்க்கிறார்கள்?

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. ஏழாம் எண் கடை, பன்னிரண்டுக்கு எட்டு அடி, அவள் பெயரில்.

இருவரும் போனார்கள். அவள் கையில் அளவு நாடா வைத்திருந்தாள், மேசையை எங்கே போடுவது என்று பார்க்க. சந்தை அதிகாரி சாவிக் கொத்தோடு வந்து ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். ஒரு ஊசி செருக இடமில்லை.

"என்ன சார் இது?"

"விண்ணப்பங்கள்மா. எங்க ஆபீஸ் கணினியில இடம் இல்லாமப் போச்சு. ஒரு வாரத்துல காலி பண்ணுங்கன்னு மேலிடத்து உத்தரவு. அப்படியே அழிச்சிட முடியுமா? எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு அழிச்சோம். இப்போ கணினி பளிச்சுன்னு இருக்கு."

"அதை ஏன் கடையில வெச்சீங்க?"

"கடைக்கான விண்ணப்பம்மா. கடையிலதானே இருக்கணும்? பன்னிரண்டு கடையிலயும் ஒரே சீரா வெச்சிருக்கோம். யாருக்கும் பாரபட்சம் இல்லை."

"அப்போ நான் எங்க உட்கார்ந்து தைக்கறது?"

"உள்ளேதான். ஒதுக்கீடு செஞ்ச அளவுல ஒரு அடிகூடக் குறையலை. நீங்களே அளந்து பாருங்க" என்று அவர் நாடாவைக் காட்டினார்.

"சார், இதையெல்லாம் எப்போ எடுப்பீங்க?"

"அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு. செயலியோட புதுப் பதிப்புல போடணும். கணினியில நாலு ஜி.பி. காலி இடம் இருக்கான்னு பார்த்துக்குங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். அதுவரைக்கும் இதெல்லாம் உங்க பொறுப்பு. ஒரு தாள் குறையக் கூடாது. இதுல கையெழுத்துப் போடுங்க."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டுகளின் பக்கத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பல நாளாக அவர் முகத்தில் இல்லாத வெளிச்சம். "நல்லா கட்டியிருக்காங்க" என்றார் மெதுவாக. "முடிச்சு பாரு."

அவள் அதிகாரி நீட்டிய தாளை வாங்கினாள். கட்டுகளைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். அதிகாரி தாளை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"என்னங்க, முடிச்சு பார்த்தது போதும்" என்று தாளைக் கணவரிடம் நீட்டினாள். "ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற ஜெராக்ஸ் கடையில போய் இதுக்கு ஒரு நகல் எடுத்துட்டு வாங்க."

அவர் நாலு எட்டு வைத்திருப்பார்.

"ரெண்டா எடுங்க" என்றாள்.