வேர்களுக்குள் ஒரு ரின்

வாகீசன் இழுத்தான், மரம் வரவில்லை. சட்டியை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு இன்னொருமுறை இழுத்தான். முழ உயரப் பைன் மரத்துக்கு அவனைவிடப் பிடிவாதம் அதிகமாக இருந்தது.

மேல்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரி கிளடிஸ் அன்ரி, அஜக்ஸிலுள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது ஒப்படைத்த வேலை அது.

"செத்துப்போன என்ர மனிசன் வளர்த்த போன்சாய், தம்பி. வேர் நெருக்கித் தண்ணி இறங்குதில்லை. ஸ்னோ விழமுதல் சட்டியை மாத்திவிடும். மரம் பட்டுதோ, குடியிருக்க வேற பேஸ்மன்ற் பாரும்."

மனைவி கோணேஸ்வரிக்கு ஏழு மாதம். இந்தக் குளிரில் வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

தலைக்கு மேலே நகங்கள் தரையில் டிக் டிக்கென்று நடந்தன. அன்ரியின் நாய். குடிவந்த நாள் முதல் சத்தம் கேட்டிருக்கிறார்களே தவிர, ஒருநாளும் அதன் முகத்தைக் கண்டதில்லை. வாகீசனுக்கு நாய் என்றால் நடுக்கம். அன்ரி சோறு வைக்கச் சொல்ல மறந்துபோனாள் என்று நினைத்து, கோணேஸ்வரிதான் இரவில் படியேறி, கதவை ஒரு சாண் திறந்து, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு மூடுவாள். காலையில் கோப்பை வெறுமையாக இருக்கும்.

வாகீசன் பாண் வெட்டும் கத்தியை விட்டுக் கிண்டினான். சட்டி உடைந்தது. உள்ளே வேர்கள் ஒரு தட்டையான தகர ரின்னைச் சுற்றி இறுக்கியிருந்தன. அவற்றை வெட்டி ரின்னை எடுத்தான். மூடி கழன்றது. சாம்பல்.

"திருநீறு!"

பக்தியோடு நெற்றி நிறையப் பூசினான். ஒரு சிட்டிகையை வாயிலும் போட்டுக்கொண்டான். மனைவிக்கும் பூசிவிட்டான்.

"கொஞ்சம் நறநறக்குது. ஊர்ச் சாமான் இல்லைப் போல."

"சிலுவை தொங்குற வேதக்காரற்ற வீட்டில ஏனப்பா திருநீறு?" என்றாள் கோணேஸ்வரி.

வாகீசனின் வாய் பாதியில் நின்றது.

"அன்ரியின்ர மனிசன் நீக்கிலாஸ் அங்கிளைத் தாட்டவையோ, எரிச்சவையோ?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

அவன் குழாயடிக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் கையிலிருந்த ரின் கவிழ்ந்து, மிச்சச் சாம்பலும் சிங்குக்குள் போய்விட்டது. வேறு வழியின்றிச் சாமித்தட்டிலிருந்த கோயில் திருநீற்றை ரின்னில் நிரப்பி, புதுச் சட்டியில் மரத்தோடு சேர்த்துப் புதைத்தான்.

அப்போது நகச் சத்தம் படியிறங்கி வந்தது. அவர்களின் கதவை ஏதோ பிறாண்டியது. கோணேஸ்வரி திறந்து பார்த்தாள். படியில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அன்ரி வந்ததும் வாகீசன் தாங்கமாட்டாமல் உடைந்துபோனான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி! ரின்னைத் திறந்து அங்கிளைக் கொஞ்சம் திண்டிட்டன்!"

"உமக்கென்ன விசரோ? அவரைச் சேமக்காலையில குழி வெட்டியெல்லோ தாட்டது!"

வாகீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோணேஸ்வரியும் சிரித்துவிட்டாள்.

"நாங்கள் பயந்தே போனம் அன்ரி. உங்கட நாய்க்கும் ஒருநாள் தவறாமச் சோறு வைச்சனான். ஆனா நேற்றிலயிருந்து அதின்ர சத்தம் எங்கட கதவடியை விட்டுப் போகுதேயில்லை."

அன்ரி அவளுடைய நெற்றியைப் பார்த்தாள்.

"எங்களிட்ட இருந்த ஒரே நாய், அந்த ரின்னுக்கைதான் சாம்பலா இருந்தது, பிள்ளை."