ஈஸ்டர் அங்கிகளுக்கு விழுந்த நீலம்

எங்கள் சபையில் ஒரு ஜோக் உண்டு. யாராவது பளிச்சென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், "பாத்துப்பா, ஸ்டெல்லா வீட்டுப் பக்கம் போயிடாத" என்பார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், அடக்க ஆராதனை முடிந்து கொடுக்கிற காபி என்று எல்லா இடத்திலும் ஒன்பது வருஷமாக இது சொல்லப்படுகிறது. ஸ்டெல்லா என் மனைவி. ஜோக்கில் வருகிற காரியத்தைச் செய்தவன் நான். இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, கோழைத்தனம்தான்.

நான் பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். (வேதியியல் தெரிந்தவனுக்கும் வேதியியல் பாடம் நடத்துகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது.) ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சபைப் பாடகர் குழுவில் பதினோரு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழுவில் ஒரு வழக்கம். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் ஆலயத்தின் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். ஒரே ஒரு பெண் வெள்ளை அங்கி போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு, முதல் சரணத்தைத் தனியாகப் பாடிக்கொண்டே பெரிய வாசலிலிருந்து பீடம்வரை நடந்து வருவாள். கல்லறைக்கு முதலில் போன பெண்ணை நினைத்து ஏற்பட்ட வழக்கம். எங்கள் ஆட்கள் அதை வாசல் பாட்டு என்பார்கள். வருஷத்துக்கு ஒருத்திக்குத்தான் கிடைக்கும். பதினோராவது வருஷம் ஸ்டெல்லாவின் முறை வந்தது.

அவள் சமையலறையில் பாடினாள், பஸ் ஸ்டாப்பில் முணுமுணுத்தாள், ஆஸ்பத்திரியில் பாடி நோயாளிகளிடம் கைதட்டு வாங்கினாள். தங்கவயலில் இருக்கும் அவளுடைய அப்பா, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாளைக்கு நாலு வார்த்தைக்குமேல் பேசாதவர், போனில் "வர்றேன் பாப்பா. முன்னாடி சீட்ல ஒக்காருவேன்" என்று இரண்டு நாள் வார்த்தைகளை ஒரேயடியாகச் செலவழித்தார்.

அதே சமயத்தில்தான் எங்கள் பழைய வாஷிங் மெஷின் உயிரை விட்டது.

புதிது வாங்கக் கடைக்குப் போனோம். மஞ்சுநாத் என்ற விற்பனையாளர், எங்கள் வயதுக்காரர், பொறுமையாகக் காட்டினார். ஸ்டெல்லாவுக்கு, மேல்பக்கம் மூடி திறக்கிற மெஷின் பிடித்துவிட்டது. "நடுவுல நிறுத்தித் தொறக்கலாம்ங்க. ஏதாவது ஆச்சுன்னா துணியை வெளிய எடுத்துடலாம். இதே போதும்" என்றாள்.

"ஏதாவது என்ன ஆகும்?" என்று சிரித்தேன். என் கண் முன்பக்கக் கதவு மெஷினில் இருந்தது. வட்டமான கண்ணாடி. உள்ளே துணி சுற்றுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம்.

"சார், ஸ்வல்ப கேளுங்க" என்றார் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில். "இது ஓட ஆரம்பிச்சா கதவு லாக் ஆயிடும். ஆமேல இதுக்கு நொரை கம்மியா வர்ற பவுடர்தான் போடணும். சும்மா கெடைச்சதெல்லாம் போட்டீங்கன்னா அஷ்டே, கதை முடிஞ்சுது."

"நான் கெமிஸ்ட்ரி டீச்சர்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தால் அவர் எனக்காக ஜெபித்திருப்பார் என்று தோன்றுகிறது.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் பவுடர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். "இதுல என்ன இருக்கு? சோடா, சோப்பு. மிச்சமெல்லாம் விளம்பரம்" என்று அறிவித்தேன். சலவைச் சோடா வாங்கி வந்தேன். நாலு கட்டி சோப்பை கேரட் துருவியில் துருவினேன். (அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக் கேரட் பொரியலில் சோப்பு வாசனை.) அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டார்.

நம் வீடுகளில் வெள்ளைத் துணி என்றால் கடைசி அலசலில் நீலம் போட்டே ஆகவேண்டும். ஸ்டெல்லா ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, கையால் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் துணியை முக்குவாள். எதற்கு இத்தனை வேலை? சோப்புத் தூளிலேயே நீலத்தைக் கலந்துவிட்டால் துவைப்பதும் நீலம் போடுவதும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுமே! இந்த யோசனை இத்தனை கோடிப் பேரில் ஒருவனுக்கும் வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். அது ஏன் வரவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை. சொட்டு நீலம் ஒரு பாட்டிலை அப்படியே தூளில் கவிழ்த்துப் பிசைந்து, வெயிலில் உலர்த்தி, டப்பாவில் போட்டு மூடினேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். பாடகர் குழு அங்கிகளை வழக்கமாகத் துவைத்துக்கொடுக்கும் லாண்டரிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். குழுவின் செயலாளர் ஸ்டெல்லா. அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே நான் கொயர் மாஸ்டர் குணசீலனுக்குப் போன் போட்டு, "அங்கிள், நம்ம வீட்ல புது மெஷின் இருக்கு, எல்லாத்தையும் அனுப்புங்க" என்றேன். பதினைந்து அங்கிகள் வந்தன. மேபெல் என்ற பெண்ணின் அங்கி மட்டும் தையல் பிரிந்து டெய்லரிடம் இருந்தது.

டியூட்டிக்குப் போகும்போது ஸ்டெல்லா ஒரு பாக்கெட்டை மெஷின் மேல் வைத்தாள். "ஏங்க, கடைப் பவுடர் வாங்கி வெச்சிருக்கேன். அங்கிக்கு இதுதான். உங்க பவுடர் வேணாம். சரியா?"

"சரி" என்றேன். தெளிவாகச் சொன்னேன். இன்றுவரை என் காதில் கேட்கிறது.

அவள் தெருமுனை திரும்பியதும் டப்பாவைத் திறந்தேன். நீலம் கலந்த தூள் கட்டிதட்டியிருந்ததால் மெஷினின் பவுடர் தட்டில் இறங்கவில்லை. நேராக அங்கிகள் மேலேயே நாலு கை அள்ளிப் போட்டு, கதவை மூடி, பட்டனை அழுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க நுரை. பத்து நிமிஷத்தில் நுரை தட்டு வழியாக வெளியே வந்தது. கீழ்வீட்டு நூர் ஆண்ட்டி மாடியைப் பார்த்து, "அரே சார், உங்க பைப்லேர்ந்து மேகம் வருது, என் செடியெல்லாம் மூடிடுச்சு!" என்று கத்தினார். அதுகூடப் பரவாயில்லை. நுரை விலகிய ஒரு கணத்தில் உள்ளே ஒரு கை தெரிந்தது. அங்கியின் கை. அதில் உள்ளங்கை அகலத்துக்கு அடர் நீலம். அடுத்து ஒரு முதுகு. அடுத்து ஒரு காலர். கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. பட்டன்களை எல்லாம் அழுத்தினேன். அது தன் வேலையைத் தொடர்ந்தது. இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று காட்டியது. துணி சுற்றுவதைப் பார்க்க ஆசைப்பட்டவன் முட்டிபோட்டு முழுவதும் பார்த்தேன்.

எலுமிச்சை, வினிகர், கல்லுப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தேன். நீலம் கொஞ்சம் வெளுத்து, இன்னும் கொஞ்சம் இடம் பிடித்தது.

ஸ்டெல்லா வந்தாள். கொடியில் பதினைந்து அங்கிகள். மெஷின் மேல் பிரிக்காத பாக்கெட். இரண்டையும் பார்த்தாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். அவள் தன் அங்கியைத் தேடி எடுத்து, நெஞ்சுப் பக்கத்துக் கறையை விரலால் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயந்திரம் ஒத்திகை. நான்தான் அங்கிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு. குணசீலன் அங்கிள் ஒவ்வொன்றாக விரித்தார். முகம் சிவந்தது.

"யாரும்மா இப்படி நீலம் போட்டது?"

என் வாய் திறந்தது, சத்தியமாகத் திறந்தது. ஆனால் பாடகர் குழுவில் என் மாணவர்களின் பெற்றோர் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வேதியியல் வாத்தியார் சோப்புத் தூளில் தோற்றார் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடம் பூராவும் தெரிந்துவிடும். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"எங்க வீட்லதான் துவைச்சது" என்றாள் அவள். "நான்தான் பொறுப்பு அங்கிள்."

"நர்ஸா இருந்துக்கிட்டு நீலம் போட ஒரு அளவு தெரியாதாம்மா? இனி அங்கி இல்லாமத்தான் பாடணும். மேபெல் அங்கி ஒண்ணுதான் வெள்ளையா இருக்கு. வாசல் பாட்டு மேபெல் பாடட்டும்."

மேபெல் பதறிவிட்டாள். "அங்கிள், அக்கா என்னுதையே போட்டுக்கட்டும்."

"பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார் அவர். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். மூன்று வார்த்தை போதும். அந்த விசிறிக்கு நாலு இறக்கை இருந்தது, அதில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஈஸ்டர் விடியற்காலை. விளக்குகள் அணைந்தன. முதல் வரிசையில் என் பக்கத்தில் மாமனார், புதுச் சட்டையில், வாசலைத் திரும்பிப் பார்த்தபடி. பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது பாப்பா கொரல் இல்லியே."

"தொண்டை சரியில்ல மாமா" என்றேன்.

அவர் திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் வாசலைப் பார்க்கவில்லை. இரண்டாவது சரணத்தில் சேர்ந்து பாடியவர்களில் ஸ்டெல்லாவும் இருந்தாள், பின்வரிசையில், கைத்தறிச் சேலையில்.

அடுத்த மாதம் தங்கவயலிலிருந்து வந்த பொட்டலத்தில் முறுக்கோடு ஒரு பை பனங்கற்கண்டு. "பாப்பா தொண்டைக்கு" என்று எழுதியிருந்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பொட்டலத்திலும் பனங்கற்கண்டு. நான் காபியில் போட்டுக் குடித்தேன். ஒரு நாளும் இனிக்கவில்லை. முறை அடுத்தடுத்த பெண்களுக்குப் போனது. இரண்டு வருஷத்தில் ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட் மாறவே, அவள் பாடகர் குழுவையே விட்டுவிட்டாள். வாசல் பாட்டை அவள் பாடவே இல்லை.

போன மாதம் எங்கள் மகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. வீட்டில் பிரியாணி. வெள்ளை கவுனில் நின்ற அவளிடம் குணசீலன் அங்கிள், "பாப்பா, டிரெஸ்ஸை மட்டும் அம்மாகிட்ட துவைக்கக் குடுத்துடாத!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஸ்டெல்லாவும் வழக்கம்போலச் சிரித்தாள்.

"இன்னாப்பா அது சோக்கு?" என்று கேட்டார் மாமனார். அவருக்கு இது புதிது. குணசீலன் அங்கிள் கையைக் காலை ஆட்டி முழுக் கதையும் சொன்னார், மேபெல் பாடியது வரைக்கும்.

மாமனார் மகளைப் பார்த்தார். "தொண்டை சரியில்லன்னாங்களே."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை எங்கள் வீட்டு விசிறியை நான் பார்க்கவில்லை. "மாமா, நீலம் போட்டது நான். அவ வேணாம்னு சொல்லியும் போட்டேன். தொண்டைன்னு சொன்னதும் நான்தான்."

 குணசீலன் அங்கிள் என் தோளில் ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா! பொண்டாட்டிய விட்டுக்குடுக்காத மனுஷன்! கெமிஸ்ட்ரி வாத்தியார் போய் சோப்புத் தூள்ல நீலத்தைக் கலப்பாரா? யார்கிட்ட கதை விடுற அருள்?" மேபெலுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணா, நீங்க ரொம்ப நல்லவர்" என்றாள். கேரட் துருவிவரைக்கும் விவரமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் நல்ல பெயர் கூடிக்கொண்டே போனது. இரண்டு பெண்கள் தங்கள் புருஷன்மாரை முறைத்தார்கள்.

எல்லோரும் போனபிறகு ஸ்டெல்லா தட்டு கழுவினாள். நான் துடைத்தேன்.

"மன்னிச்சிடு ஸ்டெல்லா" என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நேற்று தங்கவயலிலிருந்து பொட்டலம் வந்தது. முறுக்கு இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் பனங்கற்கண்டு இல்லை. அந்த இடத்தில், செய்தித்தாளில் சுற்றி, ஒரு புது சொட்டு நீலம் பாட்டில். மேலே அவர் கையெழுத்தில் ஒரே வார்த்தை: "மாப்பிள்ளைக்கு."

ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் வாஷிங் மெஷின் மேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். யார் வந்து கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.