இணைப்பாளர் பேசிக்கொண்டிருந்தபோது

பிரித்துவைப்பவர்களைக் கண்டால் ஒதுங்கிவிடலாம். இணைத்துவைப்பவர்களிடமிருந்து மட்டும் தப்பவே முடியாது, வாசகரே. நம் இணைப்பாளர் அந்த இரண்டாவது ரகத்தில் முதல் தரம்.

பல நாட்டு ஆய்வாளர்களைச் சேர்த்து, பருவநிலையைக் காப்பதும் உயிரினங்களைக் காப்பதும் ஒரே வேலைதான் என்று காட்டுவது அவர் உத்தியோகம். நல்ல வேலை. அவசரமானதும்கூட. ஆனால் அதை அவர் வாயாலேயே முடித்துவிடப் பார்ப்பார். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு" என்று பத்து விரலையும் கோத்துக் காட்டாமல் அவர் கூட்டம் தொடங்காது. வீட்டில் குழாய் ஒழுகினால் அதையும் பனிமலை உருகுவதோடு முடிச்சுப்போடுவார். "முதல்ல குழாயைச் சுவரோட இணைங்க" என்பார் மனைவி.

அன்று இணையவழிக் கூட்டம். இணைப்பாளர் அலுவலகத்து மேல்மாடி அறையில். திரையில் வெளிநாட்டு முகங்கள். கீழ்மாடியில் ஒரே மேசையில், அதே கூட்டத்தைப் பார்த்தபடி இருவர்: கரியமில வாயுவைக் குறைக்க மரம் நடும் மரக்காரர், பறவைகளை ஆராயும் அம்மா. வருஷக்கணக்கில் ஒரே திட்டம், ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எங்கே நேரம்? இணைப்பைப் பற்றிக் கேட்கவே பொழுது சரியாக இருந்தது.

இணைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மைக்கைத் திறக்க மறந்துவிட்டார். உதடு அசைகிறது, விரல்கள் கோத்துக்கொள்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? யாருக்கு மனசு வரும்?

கீழே, கிடைத்த அமைதியில் அந்த அம்மா கேட்டார்: "அடுத்து எங்கே நடறீங்க?"

"ஆத்தங்கரைப் புல்வெளி. சும்மாதானே கிடக்கு."

"சும்மாவா? தரையில முட்டையிடற பறவை அத்தனையும் அங்கதான் இருக்கு! மரம் வந்தா ஒண்ணும் தங்காது."

மரக்காரர் முகம் வெளுத்தது. நாற்றுகள் லாரி ஏறத் தயாராக இருந்தன.

"அந்த மண்ணுக்குள்ளயே நிறையக் கரிமம் சேர்ந்திருக்கும், தோண்டினா வாயுவாக் கிளம்பிடும், தோண்டாதீங்க" என்றார் திரையிலிருந்த வெளிநாட்டு ஆய்வாளர். "நாங்க தோண்டிட்டு அவஸ்தைப்படறோம்."

"அப்போ நான் எங்கேதான் நடறது?"

"காட்டை வெட்டி மொட்டையாக்கின மலைச்சரிவு இருக்கே" என்றார் அந்த அம்மா. "அங்க நடுங்க. எங்க மரங்கொத்தியும் திரும்பி வரும்."

மரக்காரர் அங்கேயே லாரிக்காரரைக் கூப்பிட்டு வழியை மாற்றினார்.

பேச்சின் சுகத்தில் எதுவும் காதில் விழாதிருந்த இணைப்பாளர் அப்போதுதான் மைக்கைக் கவனித்தார். "ஐயோ! நான் பேசினது ஒண்ணும் கேக்கலையா?"

"இல்லைங்க. அதுக்குள்ள புல்வெளி பிழைச்சுது" என்றார் அந்த அம்மா.

ஒரு கணம் அவர் முகம் தொங்கிப்போனது. முழுக்கதையையும் கேட்டதும் நிஜமாகவே மகிழ்ந்து கைதட்டினார், தங்கமான மனுஷர். அப்புறம் சொன்னார்: "பாத்தீங்களா, இதைத்தான் இவ்வளவு நேரமா சொல்லிட்டிருந்தேன்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படிக்கும்போதே, 'அட, இதை அவங்களுக்கு அனுப்பணுமே' என்று மனசுக்குள் நாலு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், இல்லையா? அதில் இரண்டு பேர் உங்கள் அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?