முதலில் முடியாது என்றவர்

சண்டையை ஒருபோதும் தான் தொடங்காத மனிதர் என்று ஓர் இனம் உண்டு. எப்போது பார்த்தாலும் அவருக்கு யாருடனாவது சண்டை நடந்துகொண்டிருக்கும். அது வேறு விஷயம். “நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருக்கறவன்” என்று பேச்சை எடுப்பார். எதிராளி செய்ததற்குத் தேதி, கிழமை, மணி, செல்போன் படம் எல்லாம் வைத்திருப்பார். தன் மாடு அடுத்தவர் காட்டில் மேய்ந்த அன்று மட்டும் போனில் சார்ஜ் இருந்திருக்காது.

எங்கள் இண்டூர்ப் பக்கத்தில் முனியப்பன். அவர் மாடு மாதேஷின் சோளத்தை மேய்ந்தது. மாதேஷின் ஆடுகள் அவர் நிலக்கடலையை மேய்ந்தன. எது முதலில்? அதைக் கேட்டால் பொழுது விடிந்துவிடும். முனியப்பன் தன் நிலத்தின் வழியே மாதேஷின் காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தை முள் வெட்டிப் போட்டு அடைத்தார். மாதேஷோ அன்றுதான் இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கைப் பிடுங்கிக் குவித்திருந்தார். இரண்டு நாளில் ஜவ்வரிசி ஆலைக்குப் போகாவிட்டால் கிழங்கு கறுத்துவிடும். வேறு தடம் கிடையாது.

தடத்தைத் திறந்துவிடச் சொல்லி மாதேஷ் என்னைத் தூது அனுப்பினார். முனியப்பன் வாசலுக்கே வந்து, “மொதல்ல கைய நனைங்கண்ணா, பேச்சு எங்க ஓடிப்போகுது” என்றார். களி, கோழிக் குழம்பு, மோர். ஒரு வீட்டில் சோறு உண்ணும்போது குறை பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. கை கழுவியதும் மகளின் கல்யாண ஆல்பத்தை விரித்தார். அதே நேரத்தில் அவர் மச்சான் முருகேஷ், மாதேஷின் வாசலில் நின்று மேய்ந்த கடலைக்கு ஈடு கேட்டுக்கொண்டிருந்தார். வயிறெரிந்து நின்ற மாதேஷ் முடியாது என்றார். உடனே இங்கே போன் மணி அடித்தது. முனியப்பன் ஆல்பத்தை மூடினார்.

“இப்ப சொல்லுங்கண்ணா, என்ன விஷயமா வந்தீங்க?”

சொன்னேன்.

“நான் சமாதானமாத்தான் இருந்தனுங்க. மொதல்ல முடியாதுன்னது அவன். நீங்களே சாட்சி.”

என் தங்கை கவிப்பிரியா கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். எங்கள் வகையறாவில் முதல் எம்.ஏ. அவள்தான், நான் எட்டாவதோடு நின்றவன். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆதி ரோமாபுரிக்கும் பக்கத்து ஊரான ஆல்பாவுக்கும் சண்டை மூண்டதும் இப்படித்தானாம். இரண்டு பக்கத்துக் குடியானவர்களும் ஒருவர் மாட்டை ஒருவர் களவாக ஓட்டிப் போனார்கள். இரண்டு பக்கமும் தூது அனுப்பினார்கள். ஆல்பா தூதருக்கு விருந்து வைத்துக்கொண்டே இருந்தானாம் ரோமாபுரி ராஜா. அங்கே தன் தூதருக்கு முடியாது என்று பதில் வந்ததும் தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டானாம். கடைசியில் ஆல்பா என்ற ஊரே இல்லாமல் போனது.

“அக்கம்பக்கத்தோட போட்ட எந்தச் சண்டையையும் ரோமாபுரிக்காரங்க தொடங்கலையாம்ணா” என்றாள். “அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.”

மூன்றாம் நாள் கிழங்கு கறுத்தது. முனியப்பன் வரப்பில் நின்று பார்த்து, பாவம் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார், இந்த இனத்தின் விசேஷம் அது. மாதேஷ் இப்போது என்னிடமும் பேசுவதில்லை. நான் சாப்பிட்டேன், அவ்வளவுதான். பேச்சை நிறுத்தியது அவர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பேச்சு நின்று எத்தனை மாதம்? தொடங்கியது யார்?

பாருங்கள், யோசிக்கக்கூட இல்லை நீங்கள்.